காய்ச்சலும் இருமலும் இருந்தால் மட்டும்

அவளுடைய முகம் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாதவர்கள் கிடையாது. ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது, லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது, வங்கியை அழைத்தால் எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்றெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவள்தான். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று அக்கா வைத்தது. அந்த வாயே பிழைப்பான பிறகும் பெயர் மாறவில்லை.

"இவ பேசுறதுக்குக் காசு குடுக்கிறாங்களாம். நாங்க இத்தனை வருஷம் சும்மாவே கேட்டுத் தொலைச்சிருக்கோம்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்வாள்.

அக்காவும் அத்தானும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். அத்தான் உள்ளறையில் லென்ஸ் தேய்ப்பார். முன்னால் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வது அக்கா. வாங்க வருகிறவர்கள் ஆசையோடு ஒரு ஃபிரேமை எடுத்து மாட்டிக்கொண்டால், அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்து, "வேணாம். இதைப் போட்டா பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் மாதிரி இருக்கீங்க" என்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சொல்கிற விதம் அப்படி. ஒரு 'வேணாம்' என்பதற்குள் அவ்வளவு அக்கறையை வைக்க அவளால்தான் முடியும்.

நோய் ஊருக்குள் வந்து கடைகள் பாதி திறந்தும் பாதி மூடியும் கிடந்த நாட்களில், சுகாதாரத் துறையிலிருந்து தகவல் அதிகாரி ஒருவர் ஒலிப்பதிவு நிலையத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர். முகக்கவசம் மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. கையில் அச்சடித்த ஒரு தாள். யார் யாரைத் தொலைபேசியில் அழைத்தாலும், மணி அடிப்பதற்கு முன் இதுதான் முதலில் கேட்கும் என்றார்.

"அச்சம் வேண்டாம். நம்மிடையே இந்த நோயின் இறப்பு விகிதம் மிகக் குறைவு. காய்ச்சலும் இருமலும் இருந்தால் மட்டும் பரிசோதனைக்கு வாருங்கள். மற்றவர்கள் வர வேண்டாம். வீட்டிலேயே இருங்கள்."

ரேடியோ இரண்டு முறை வாய்க்குள் படித்துப் பார்த்தாள். "ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தானா சார்? ஒண்ணு மட்டும் இருந்தா?"

"சோதனை பண்ற கிட் கையில கொஞ்சம்தான் மேடம் இருக்கு. தும்மினவன், பயந்தவன் எல்லாம் வந்து நின்னா, நிஜமா நோய் இருக்கிறவனுக்கு இல்லாமப் போயிடும். மேலிடத்து முடிவு."

அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்து அவள் தொழில்முறையில் ஒன்று கேட்டாள். "கனிவாச் சொல்லவா, கண்டிப்பாச் சொல்லவா?"

"பயமுறுத்தக் கூடாது. ஆனா கேக்கணும். வீட்டுல மூத்தவங்க சொன்னா எப்படிக் கேப்போம், அப்படி."

வீட்டில் மூத்தவள் என்றால் அவளுக்கு அக்காதான். ஒலிவாங்கியின் முன் கண்ணை மூடிக்கொண்டு அக்கா எப்படிச் சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். ஊசி விழுந்தாலும் எந்த ஊசி என்று சொல்வார் என்பதால் அவருக்குக் 'காது' என்று பெயர். பேச்சு குறைவு. அன்று முதல் தடவையிலேயே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்த வாரம் அக்கா அழைத்தாள்.

"ஏண்டி ரேடியோ, உன்கிட்டப் பேசணும்னா முதல்ல உன்னையே முழுசாக் கேட்டு முடிக்க வேண்டியிருக்கே! இது என்னடி கொடுமை?"

"எல்லாருக்கும் அதே கதிதான்."

"நடுவுல ஒரு 'வேண்டாம்' வருதே, அது என்னோடதுடி. கடையில நான் சொல்றது. திருட்டுக் கழுதை."

ரேடியோ சிரித்துவிட்டாள். பிடிபட்டதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அப்புறம் ஒருநாள் அக்கா, காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது என்றாள். அத்தான்தான் தூளை மிச்சம் பிடிக்கிறார் என்று முதலில் அவர் மேல் பழி போட்டாள். சோப்பு மணக்கவில்லை, உப்பு கரிக்கவில்லை. கடையில் உட்கார்ந்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்று பகலிலேயே போய்ப் படுத்தாள்.

"போய் டெஸ்ட் எடுத்துடு" என்றாள் ரேடியோ.

"நீதானே வராதேன்னு சொல்றே? எனக்குக் காய்ச்சலும் இல்ல, இருமலும் இல்ல."

"அது ஊருக்குச் சொன்னது. உனக்குச் சொல்றேன், போ."

அத்தான் கூட்டிக்கொண்டு போனார். பரிசோதனை மையம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வாசலில் நின்ற காவலாளி அக்காவின் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் கருவியை நீட்டினார். காய்ச்சல் இல்லை. இருமச் சொன்னார். வரவழைத்து இருமினால் அது கணக்கில்லை என்று அவரே சொன்னார். அத்தான் கெஞ்சிப் பார்த்தார். காவலாளி எரிந்து விழவில்லை. விரலை மட்டும் மேலே காட்டினார். கம்பிக் கதவுக்கு மேலே ஒலிபெருக்கி கட்டியிருந்தது. அதில் ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தாள்: மற்றவர்கள் வர வேண்டாம். வீட்டிலேயே இருங்கள்.

"என் தங்கச்சிங்க அது" என்றாளாம் அக்கா. காவலாளி நம்பவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லி அவள் சிரித்துக்கொண்டே வந்ததாக அத்தான் பிறகு சொன்னார்.

வார முடிவில் ஒரு மத்தியானம் அத்தான் அழைத்தார். "மூச்சு விட முடியலைங்கிறா. உதடு ஒரு மாதிரி நீலமா இருக்கு. நீ ஆம்புலன்சுக்குச் சொல்லு, நான் இவளைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

ரேடியோ எண்ணை அழுத்தினாள். அச்சம் வேண்டாம் என்று அவள் குரல் ஆரம்பித்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது நிற்காது. முழுதும் சொல்லி முடித்த பிறகுதான் மணி அடிக்கப் பார்த்தது. ஆனால் அந்தப் பக்கம் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், லைன் கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அச்சம் வேண்டாம். மறுபடியும். ஒலிவாங்கியின் முன் நின்றபோது எவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்கிறாள்! 'மிகக் குறைவு' என்பதற்கு முன்னால் கேட்பவர் மனதில் பதியட்டும் என்று ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தாள். அந்த இடைவெளியில் அவளுக்கு அக்காவின் மூச்சு கேட்பதுபோல் இருந்தது. "சீக்கிரம் சொல்லித் தொலைடி" என்று தொலைபேசியைப் பார்த்துக் கத்தினாள்.

கடைசியில் அத்தான் பக்கத்துக் கடைக்காரரின் சரக்கு வண்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனார். ரேடியோ ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, நடைகூடத்தில் சக்கர நாற்காலியில் அக்கா சாய்ந்திருந்தாள். பேச்சு இல்லை. கண் மட்டும் தங்கையை மேலும் கீழும் பார்த்தது. ஓடி வந்ததில் ரேடியோவின் முகக்கவசம் கீழே இறங்கியிருந்தது. அக்கா கையைத் தூக்கி அதை மூக்கின் மேல் ஏற்றி, கடையில் ஃபிரேமைச் சரிசெய்வதுபோல் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள். படுக்கை கிடைப்பதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

இளம் பெண் டாக்டர் ஒருவர் வந்தார். தூங்கி எத்தனை நாளாயிற்றோ. "முன்னாடியே டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எடுக்க விடலை" என்றார் அத்தான்.

"இப்ப எடுக்க முடியாதுங்க. இறந்தவங்களுக்கு எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

சான்றிதழில் 'மூச்சு நின்றதால் மரணம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அத்தான் அதை வெளிச்சத்தில் பிடித்து, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை படித்தார். "மூச்சு நிக்காம இதுவரைக்கும் எவன் செத்திருக்கான்?" என்று கேட்டார். டாக்டரின் கண் கலங்கியிருந்ததை ரேடியோ பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவளால் யாரையும் அழைக்க முடியவில்லை. அழைத்தால் அது பேசும். மளிகைக்குச் சொல்லலாம் என்று எடுத்தால், துக்கம் கேட்டவர்களைத் திருப்பி அழைக்கலாம் என்று எடுத்தால், முதலில் அதுதான். அதிலும் அந்த 'வேண்டாம்' வரும்போது உடம்பு சிலிர்த்தது. அது அவளுடைய குரல்தான். ஆனால் இழுப்பு அக்காவுடையது. இறந்துபோனவள் ஒவ்வொரு வீட்டுக் காதிலும் வந்து, டெஸ்ட் எடுக்கப் போக வேண்டாம் என்று கனிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில், மாடியில், தெருவில் யாராவது தொலைபேசியைக் காதில் வைத்துச் சும்மா நின்றால், இப்போது எந்த வரி ஓடும் என்று அவள் உதடு தானாக அசையும்.

ஒருநாள் மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்டாள். முன்னால் நின்ற பெண் சட்டென்று திரும்பினாள். வயது ஐம்பது இருக்கும்.

"நீங்கதானே? போன்ல வர்றது?"

ரேடியோ தலையை மட்டும் அசைத்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இருமல் மட்டும்தான் இருந்துச்சும்மா. காய்ச்சல் வரட்டும், வந்ததும் போகலாம்னு காத்துக்கிட்டிருந்தோம். தினம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். வரவே இல்ல." அந்தப் பெண்ணின் பேச்சில் கோபம் இல்லை. ஏதோ அலுவலகத்தில் விவரம் கேட்பதுபோல் கேட்டாள். "காத்திருக்காம அப்பவே கூட்டிக்கிட்டுப் போயிருக்கணுமா? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

"போயிருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பாங்கம்மா" என்றாள் ரேடியோ. "நாங்க போனோம். எங்க அக்காவைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

அந்தப் பெண் மருந்துப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அப்ப என் தப்பு இல்லையே" என்றாள். ரேடியோ இல்லை என்று தலையாட்டினாள். வாயால் சொல்லத் துணிவு வரவில்லை.

கொஞ்ச நாளில் விதி மாறியது. கிட்டுகள் வந்து சேர்ந்துவிட்டன. அதிகாரி புதிய தாளோடு ஒலிப்பதிவு நிலையத்துக்கு வந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். "இனிமே எல்லாரும் வரலாம் மேடம். ஒரு அறிகுறி இருந்தாலும் போதும், இல்லாட்டியும் பரவாயில்ல" என்றபோது அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி தெரிந்தது.

ரேடியோ தாளை வாங்கிப் படித்தாள். "பரிசோதனைக்கு அனைவரும் வாருங்கள்" என்பது முதல் வரி. "இறப்பு விகிதம் பாதியாகக் குறைந்துள்ளது" என்பது இரண்டாவது.

"சாகிறவங்க குறைஞ்சிட்டாங்களா சார்?"

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இல்ல. விகிதம்னா மேல ஒரு எண், கீழ ஒரு எண். மேல இறந்தவங்க. கீழ நோய் இருக்குன்னு டெஸ்ட்ல தெரிஞ்சவங்க. முன்னாடி ரொம்ப முடியாதவங்களுக்கு மட்டும்தான் டெஸ்ட் எடுத்தோம், அதனால கீழ எண் சின்னது. போன வாரத்துலேருந்து ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல லேசா இருக்கிறவங்களுக்கும் எடுக்கிறோம், கீழ எண் பெருசாயிடுச்சு. மேல அப்படியே இருந்தாலும் விகிதம் குறையும். கணக்குப்படி பொய் இல்ல."

"எங்க அக்கா மேல இருக்காளா, கீழ இருக்காளா?"

அதிகாரிக்கு விஷயம் தெரிந்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டெஸ்ட் எடுக்கலைன்னா ரெண்டுலயும் வர மாட்டாங்க மேடம்."

"அப்ப நான் இதைப் படிக்க மாட்டேன். 'வாங்க'ன்னு எத்தனை தடவை வேணாலும் சொல்றேன்."

"வாங்கன்னு மட்டும் சொன்னா வர மாட்டாங்க. பயம். போனாப் பிடிச்சு வச்சுப்பாங்க, போனவன் திரும்ப மாட்டான்னு ஊரெல்லாம் பேச்சு. சாவு குறைஞ்சிருக்குன்னு சொன்னாத்தான் வீட்டை விட்டு வெளிய வருவாங்க. நான் ஆசைப்பட்டு இதை எழுதலை."

அவர் சொன்னதில் உண்மை இருப்பது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் வாய் வரவில்லை. முதல் வரியை மட்டும், இதுவரை எதையும் சொல்லாத அளவுக்கு மனம் விட்டுச் சொன்னாள். இரண்டாவது வரிக்கு ஒலிவாங்கியைவிட்டு விலகிவிட்டாள். அதிகாரி தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 'காது' குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

நான்கைந்து நாள் கழித்து, புது அறிவிப்பு எப்படி வந்திருக்கிறது என்று கேட்பதற்காகவே யாரையோ அழைத்தாள். "அனைவரும் வாருங்கள்" என்றது. தொடர்ந்து, "இறப்பு விகிதம் பாதியாகக் குறைந்துள்ளது" என்றது, அவள் குரலிலேயே.

காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். தான் சொல்லாததைத் தானே சொல்லிக் கேட்பது கனவில் தன் பிணத்தைத் தானே பார்ப்பதுபோல் இருந்தது. மறுபடி அழைத்துக் கேட்டாள். தையல் தெரிந்தது. 'இறப்பு விகிதம்' பழைய அறிவிப்பிலிருந்து எடுத்தது. 'பாதியாக' என்பது மின்விசிறி விளம்பரத்தில் மின்கட்டணத்தைப் பற்றி அவள் சொன்னது. 'குறைந்துள்ளது' வானிலை அறிக்கையில் வெப்பத்தைப் பற்றி. யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு சுத்தமாக ஒட்ட ஊரில் 'காது' ஒருவரால்தான் முடியும்.

மறுநாள் காலையில் அத்தான் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"குறைஞ்சிடுச்சுங்கிறியே, யாருக்குக் குறைஞ்சுது?"

"நான் சொல்லலை அத்தான். வெட்டி ஒட்டியிருக்காங்க."

"உன் குரல்தானே?"

"குரல் என்னுதுதான். நான் சொல்லலை."

அத்தான் அவளை நம்ப ஆசைப்பட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. "இதையும் அதே குரல்லதானே சொல்றே? எது நீ சொன்னது, எது சொல்லாததுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

பிறகு அவரே பேச்சை மாற்றினார். கடைக்கு வருகிறவர்கள் டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்கிறார்களாம், எடுக்கத்தான் கிளம்பியிருக்கிறார். "தனியாப் போக என்னமோ மாதிரி இருக்கு. அந்த வாசல்" என்றார். ரேடியோ செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம் தெரு முனைவரை வளைந்து நின்றது. அதே காவலாளி, அதே கம்பிக் கதவு. இப்போது யாரையும் திருப்பி அனுப்பவில்லை. தாய்மார்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மேலே ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. அத்தான் தலையைக் குனிந்தபடி கடைசியில் போய் நின்றார். அந்த வரி வரும்போதெல்லாம் அவர் தோள் ஒரு முறை சுருங்கி விரிந்ததை ரேடியோ பின்னாலிருந்து பார்த்தாள். எத்தனை தடவைதான் பார்ப்பது?

"அது பொய்ங்க" என்று சொல்லிவிட்டாள். சன்னமாகத்தான் சொன்னாள். ஆனால் பழகிய குரல். வரிசையில் பாதிப் பேர் திரும்பினார்கள். "பாதியாக் குறையலை. சாகிறவங்க அதே அளவு செத்துக்கிட்டுதான் இருக்காங்க. டெஸ்ட் எடுக்காமச் செத்தவங்களைச் சேர்க்கவே இல்ல. எங்க அக்காவைச் சேர்க்கலை."

எல்லாரும் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். மேலேயும் அதே குரல், கீழேயும் அதே குரல். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. யாரோ, "நான்தான் அப்பவே சொன்னேனே, உள்ள போனா அவ்வளவுதான்" என்றார்கள். வரிசை அங்கங்கே அறுந்தது. முன்னால், லாரி ஓட்டுநர் சட்டை போட்ட ஒருவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தப் பெண் நாலடி நடப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாக இருந்தது.

ரேடியோ ஓடிப்போய் வழியை மறித்தாள். "போகாதீங்க. டெஸ்ட் வேணாம்னு சொல்லலை. எடுங்க, அவங்களுக்கு முடியலை பாருங்க."

"மேல குறைஞ்சிடுச்சுங்கிறீங்க, கீழ குறையலைங்கிறீங்க" என்றார் ஓட்டுநர். "எதைம்மா நம்பித் தொலைக்கிறது? இவளை உள்ள விட்டா உசுரோட திரும்புவாளா?"

அந்தப் பெண் மூச்சுக்குத் திணறிக்கொண்டே இவள் முகத்தைப் பார்த்தாள். ரேடியோ ஒரு கணம் கண்ணை மூடினாள். திறந்தபோது அவள் நின்ற நிற்பே ஒலிவாங்கியின் முன் நிற்பதுபோல் மாறியிருந்தது.

"மேல சொல்றதுதாங்க சரி" என்றாள். "நான் ஏதோ துக்கத்துல உளறிட்டேன். பாதியாகக் குறைஞ்சிருக்கு. நானே சொல்றேன், கேளுங்க. இப்பெல்லாம் போறவங்க நல்லபடியாத் திரும்பி வர்றாங்க. பயப்பட வேண்டாம். வாங்க."

ஒலிப்பதிவு நிலையத்தில் சொல்ல மறுத்த வரி. வெட்டு இல்லாமல், ஒட்டு இல்லாமல், ஓரிடத்திலும் பிசிறு தட்டாமல் வந்தது. ஓட்டுநர் அழுதுவிட்டார். காவலாளி சக்கர நாற்காலி கொண்டுவந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்தில் வந்து நின்றுகொண்டார்கள்.

அத்தானுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்தது. அன்று நடந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. திரும்பும் வழியில் கடையொன்றில் தண்ணீர் வாங்கி, மூடியைத் திருகித் திறந்து அவளிடம் நீட்டினார். அவ்வளவுதான். அக்காவின் சான்றிதழைத் திருத்தக் கேட்டு அவர் மனு போட்டார். ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி போட்டிருக்கிறார்.

நோய் தணிந்த பிறகு ஒருநாள், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அந்தப் பதிவை நிறுத்திவிட்டார்கள். அழைத்தால் நேராக மணி அடித்தது.

அதற்கும் பல மாதம் கழித்து, பேருந்தில் போகும்போது முன் வரிசையில் அந்த லாரி ஓட்டுநரைப் பார்த்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை காலி. அதில் காய்கறிப் பை இருந்தது. மனைவி வீட்டில் இருக்கலாம். வேலைக்குப் போயிருக்கலாம். சந்தைக்கு இருவரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று சட்டமா என்ன? நடத்துநர் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். வாயைத் திறந்தால் குரல் கேட்டு அந்த லாரிக்காரர் திரும்பிவிடுவார். ரேடியோ சரியான சில்லறையைக் கையில் வைத்து நீட்டி, அடுத்த நிறுத்தத்தை விரலால் சுட்டிக் காட்டினாள். அது அவள் இறங்க வேண்டிய இடம் இல்லை. இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தே போனாள்.